ஆன்லைனில் விற்பவர்களுக்கான பார்சல் காப்பீடு: பாலிசி எடுப்பது முதல் க்ளெய்ம் பணம் கைக்கு வருவது வரை

பார்சல் காப்பீட்டில் பணம் கிடைக்குமா கிடைக்காதா என்பது பெரும்பாலும் பொருள் உடைந்த பிறகு தீர்மானமாவதில்லை. பெட்டியை ஒட்டும் மேசையிலேயே அது முடிவாகிவிடுகிறது. பிரீமியம் எவ்வளவு என்று பத்து இடங்களில் விசாரிக்கும் விற்பனையாளர்கள், க்ளெய்மின்போது என்னென்ன ஆதாரம் கேட்பார்கள் என்பதை ஓரிடத்தில்கூடக் கேட்பதில்லை. இந்த வழிகாட்டி அந்த இடத்தில் அதிக நேரம் நிற்கும்.

படி 1: இழப்பு யாருடையது என்று தெளிவு செய்துகொள்ளுங்கள்

'காப்பீடு வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம். இல்லையென்றால் வழியில் ஏற்படும் சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று பலர் விற்பனைப் பக்கத்தில் எழுதி வைக்கிறார்கள். நுகர்வோருக்கு விற்கும்போது பல நாடுகளில் இந்த வரி செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை நெறிமுறையும், பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டமும் ஒன்றையே சொல்கின்றன: விற்பவர் ஏற்பாடு செய்த கூரியர் என்றால், வாங்குபவர் கைக்குப் பொருள் போய்ச் சேரும்வரை ஆபத்து விற்பவருடையதே. பெரிய விற்பனைத் தளங்களும் வாங்குபவர் பாதுகாப்பு விதிகளை ஏறத்தாழ இப்படித்தான் வைத்திருக்கின்றன.

எனவே காப்பீடு என்பது, பொருள் வாங்குபவருக்கு நீங்கள் விற்கும் ஒரு கூடுதல் சேவை அல்ல. அது உங்கள் பணத்துக்கான காவல். அதன் செலவைப் பொருளின் விலையிலோ அனுப்பும் கட்டணத்திலோ சேர்த்துவிடுங்கள்.

கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் மொத்தமாக விற்றால் கதை வேறு. அங்கே ஒப்பந்தத்தில் இருக்கும் இன்கோடெர்ம்ஸ் (செலவையும் ஆபத்தையும் யார் ஏற்பது என்று வகுக்கும் சர்வதேச வணிக விதிகள்) விதியே ஆபத்து எந்த இடத்தில் கைமாறுகிறது என்று சொல்லும். அவற்றில் சி.ஐ.எஃப்., சி.ஐ.பி. என்ற இரண்டு விதிகளிலும் காப்பீடு எடுப்பது விற்பவர் கடமை. 2020 பதிப்பின்படி சி.ஐ.பி.யில் விரிவான பாதுகாப்பு எடுக்க வேண்டும், சி.ஐ.எஃப்.பில் குறைந்தபட்சப் பாதுகாப்பே போதும். வேறு ஏதும் பேசிக்கொள்ளாவிட்டால் இரண்டிலும் ஒப்பந்த விலையில் குறைந்தது 110 சதவீதத்துக்குக் காப்பீடு எடுக்க வேண்டும்.

படி 2: கூரியர் பொறுப்பையும் காப்பீட்டையும் பிரித்துப் பாருங்கள்

கூரியர் ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பது காப்பீடு அல்ல. அது பொறுப்பு வரம்பு. தன் தவறால் பொருள் கெட்டாலும் அதிகபட்சம் இவ்வளவுதான் தருவேன் என்று கூரியர் போட்டுக்கொண்ட வேலி.

நாடுகளுக்கிடையே அனுப்பும்போது இந்த வேலியைச் சர்வதேச உடன்படிக்கைகள் போடுகின்றன. பன்னாட்டு நாணய நிதியத்தின் எஸ்.டி.ஆர். என்ற கணக்கு அலகில், எடையை வைத்து அது கணக்கிடப்படும். விமானச் சரக்குக்கு 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (2024 டிசம்பர் 28 முதல்; அதற்கு முன் 22). நாடுகளுக்கிடையிலான சாலைப் போக்குவரத்தில் சி.எம்.ஆர். உடன்படிக்கைப்படி கிலோவுக்கு 8.33. கடல் சரக்குக்கு ஹேக்-விஸ்பி விதிகளில் ஒரு பொதிக்கு 666.67 அல்லது கிலோவுக்கு 2, இவற்றில் எது அதிகமோ அது.

பொருளின் விலைக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. 300 கிராம் எடையுள்ள கேமரா லென்ஸ் விமானத்தில் தொலைந்தால் வரம்பு 7.8 எஸ்.டி.ஆர். மட்டும். கனமான, மலிவான பொருள் விற்பவருக்கு இது ஓரளவு தாங்கும். கைக்குள் அடங்கும் விலை உயர்ந்த பொருளை விற்பவருக்கு ஏறத்தாழ ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். தபால் வழியே போகும் பொருள்களுக்கு மான்ட்ரியல் வரம்பும் உதவாது. அங்கே விமான நிறுவனம் பதில் சொல்ல வேண்டியது தபால் துறைக்குத்தான், அனுப்பியவருக்கு அல்ல. தபால் துறையின் சொந்த விதிகளை வைத்தே நீங்கள் கேட்க முடியும்.

கூரியர் கவுண்டரில் 'மதிப்பு அறிவிக்கிறீர்களா?' என்று கேட்டுக் கூடுதல் கட்டணம் வாங்குவது மூன்றாவது வகை. இது பெரும்பாலும் அந்தப் பொறுப்பு வரம்பை உயர்த்தும் ஏற்பாடுதான். கூரியரின் பொறுப்பு விலக்குகள் எல்லாம் அப்படியே நிற்கும். க்ளெய்மை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்வதும் இழப்புக்குக் காரணமான அதே நிறுவனமே. தனி காப்பீட்டு பாலிசியில் அப்படியில்லை. கூரியரின் தவறு என்று நிரூபிக்காமலே, இழப்பு பாலிசிக்குள் வருகிறதா என்பதை மட்டும் வைத்துப் பணம் வாங்கலாம். கட்டணம் ஒன்றாக இருந்தால் தனி பாலிசியே மேல்.

படி 3: எதற்குக் காப்பீடு, எதற்கு வேண்டாம்

எல்லாப் பார்சலுக்கும் காப்பீடு எடுப்பது பல நேரம் நஷ்டக் கணக்கு. உங்கள் கடந்த 12 மாதக் கணக்கை எடுங்கள். அனுப்பியவை எத்தனை, தொலைந்தவையும் உடைந்தவையும் எத்தனை, அவற்றின் மதிப்பு என்ன என்று எழுதுங்கள்.

உதாரணத்துக்கு, தலா 1,000 மதிப்புள்ள 2,400 பார்சல்கள் போயின, 10 கெட்டன என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 10,000. பிரீமியம் 1 சதவீதம் என்றால் எல்லாவற்றுக்கும் சேர்த்து 24,000. இந்தப் பார்சல்களுக்குக் காப்பீடு எடுப்பதைவிட, மாதம் ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி இழப்பை நீங்களே ஏற்பது லாபம்.

அதே கடையில் தலா 30,000 மதிப்புள்ள 20 பார்சல்களும் போகின்றன என்றால் கணக்கு திரும்பிவிடும். அவற்றில் ஒன்று போனாலே மற்ற எல்லா இழப்பையும்போல மூன்று மடங்கு போச்சு. அந்த இருபதுக்கும் பிரீமியம் 6,000 மட்டுமே. இங்கே காப்பீடு எடுக்கத்தான் வேண்டும்.

எல்லைக்கோட்டை எங்கே வைப்பது? அடுத்த சரக்கு வாங்க வைத்திருக்கும் பணத்தில் கை வைக்காமல் எந்த இழப்பைத் தாங்க முடியுமோ, அதற்கு மேல் போகும் எல்லாவற்றுக்கும் காப்பீடு. மதிப்பு குறைவாக இருந்தாலும் எளிதில் உடைபவற்றையும், வழக்கமாகத் தகராறு வரும் வழித்தடங்களையும் இந்தப் பட்டியலில் சேருங்கள்.

படி 4: பாலிசியை விலக்குகளிலிருந்து படியுங்கள்

பார்சலுக்குப் பார்சல் எடுக்கும் காப்பீடும் உண்டு. ஆண்டு முழுவதற்குமான திறந்த பாலிசியும் உண்டு. திறந்த பாலிசியில் விகிதம் குறைவு. ஆனால் பொதுவாக அதில் அனுப்பும் எல்லாவற்றையும் கணக்குக் காட்ட வேண்டும். ஆபத்தானவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்ட முடியாது. மேலே சொன்னபடி தேர்ந்தெடுத்து எடுக்க விரும்பினால் பார்சல் வாரியாக எடுப்பதே பொருந்தும்.

சரக்குக் காப்பீட்டில் உலகெங்கும் அடித்தளமாக இருப்பவை லண்டன் சந்தையின் இன்ஸ்டிட்யூட் கார்கோ க்ளாஸஸ். இவற்றின் இப்போதைய வடிவம் 2009ஆம் ஆண்டினுடையது. 'ஏ' வகை, விலக்கியவை தவிர மற்ற எல்லா ஆபத்துகளையும் ஏற்கும். 'பி', 'சி' இரண்டும் பெயர் சொன்ன ஆபத்துகளை மட்டும் ஏற்கும்: தீ, கப்பல் மூழ்குதல், வண்டி கவிழ்தல் போன்றவை. சாதாரணத் திருட்டு இவ்விரண்டிலும் இல்லை. 'மரைன் பாலிசி (சரக்குக் காப்பீடு) இருக்கிறது' என்று யாராவது சொன்னால் எந்த எழுத்து என்று கேளுங்கள்.

'ஏ' எடுத்தாலும் சில விலக்குகள் நிற்கும்: போதாத பேக்கிங், பொருளின் இயல்பிலேயே உள்ள குறை, வழக்கமான கசிவும் எடைக்குறைவும், தாமதத்தால் வரும் இழப்பு. பண்டிகைக்குப் போய்ச் சேர வேண்டிய பரிசு பண்டிகை முடிந்து போய்ச் சேர்ந்து திரும்பி வந்தால், அது காப்பீட்டு இழப்பு அல்ல.

ஆன்லைன் விற்பனைக்கான பாலிசிகளில் இவற்றோடு இன்னும் சிலவற்றைத் தேடிப் பாருங்கள்.

வாசலில் வைத்துவிட்டுப் போன பிறகு காணாமல் போவது: 'டெலிவரி செய்யப்பட்டது' என்று டிராக்கிங்கில் பதிவான நொடியில் பல பாலிசிகளின் பாதுகாப்பு முடிந்துவிடும். இன்றைய தகராறுகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. ஆகவே மற்ற எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

வெளியே கீறல் இல்லாமல் உள்ளே பழுது: மின்னணுப் பொருள்களில், பெட்டியிலோ பொருளின் மேலோ அடிபட்ட அடையாளம் இல்லையென்றால் இயங்காமல் போனதை ஏற்கமாட்டார்கள்.

ஜோடியும் தொகுப்பும்: ஆறு கோப்பைகளில் ஒன்று உடைந்தால் ஒன்றின் விலை மட்டுமே என்ற விதி இருக்கும். தொகுப்பாக மட்டுமே விலைபோகும் பொருள் என்றால் இது வலிக்கும்.

திரும்பி வரும் பயணம்: வாங்குபவர் திருப்பி அனுப்பும்போது பாதுகாப்பு உண்டா? பெரும்பாலும் தனியே எடுக்க வேண்டியிருக்கும்.

விலக்கப்பட்ட பொருள்கள், நாடுகள்: நகை, பணம், கலைப்பொருள், கைபேசி, கண்ணாடி, செடி, உணவு ஆகியவை அடிக்கடி பட்டியலில் இருக்கும். ஆபத்தான பொருள் என்று அறிவிக்காமல் லித்தியம் பேட்டரி அனுப்பினால், க்ளெய்மே வேறு காரணத்துக்காக இருந்தாலும் காப்பீட்டாளர் கைவிரித்துவிடலாம்.

கடைசியாக, ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை. சராசரிப் பார்சலின் மதிப்பில் கால்வாசிக்கு மேல் அது இருந்தால் அந்த பாலிசி உங்களுக்கானது அல்ல.

படி 5: தொகையைச் சரியாக எழுதுங்கள்

விற்ற விலையா, வாங்கிய விலையா, மீண்டும் வாங்க ஆகும் விலையா என்பதை பாலிசி சொல்லும். இழப்பு நேர்ந்தால் அனுப்பும் கட்டணமும் போய்விடுகிறது. பாலிசி அனுமதித்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

பிரீமியத்தை மிச்சப்படுத்தக் குறைத்து எழுதுவது வீண். 10,000 மதிப்புள்ள பொருளுக்கு 6,000 மட்டும் காப்பீடு எடுத்து, 3,000க்குச் சேதமானால் பலர் 3,000 முழுதும் வரும் என்று நினைப்பார்கள். காப்பீடு எடுத்த விகிதத்திலேயே இழப்பீடு தரும் விகித விதி உள்ள பாலிசியில் 60 சதவீதம், அதாவது 1,800 மட்டுமே வரும். அதிலிருந்து முதல் தொகை 200 கழிந்தால் 1,600. கூட்டி எழுதினாலும் பயனில்லை. நிரூபிக்க முடிந்த மதிப்புக்கு மேல் தரமாட்டார்கள். கூடுதல் பிரீமியம் போனது போனதுதான்.

வெளிநாட்டுப் பார்சலில் இன்னொரு கண்ணி இருக்கிறது. வரியைக் குறைக்கச் சொல்லி வாங்குபவர் கெஞ்சுவார். விற்பவரும் சுங்கப் படிவத்தில் 'பரிசு, மதிப்பு 20' என்று எழுதிவிடுவார். காப்பீடு 500க்கு இருக்கும். க்ளெய்ம் வந்தால் சுங்கப் படிவம்தான் முதலில் கேட்கப்படும் தாள். உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிர்சாட்சியாக நிற்கும். சுங்கச் சட்டத்தை மீறியது தனிக் கணக்கு.

படி 6: பேக்கிங்கை ஆதாரமாக மாற்றுங்கள்

மறுக்கப்படும் சேத க்ளெய்ம்களில் அடிக்கடி கேட்கும் காரணம் 'பேக்கிங் போதவில்லை'. இதை முன்கூட்டியே முறியடிக்க வேண்டும்.

புதிய அட்டைப்பெட்டியைப் பயன்படுத்துங்கள். ஒருமுறை போய்வந்த பெட்டியின் மூலைகள் தளர்ந்திருக்கும்; ஈரம் பட்ட அட்டையின் தாங்கும் வலு வெகுவாகக் குறைந்துவிடும். பெட்டியின் அடியில் தயாரிப்பாளர் அச்சிட்ட வட்ட முத்திரையில் எடை வரம்பு இருந்தால் அதையும் ஒரு படம் எடுங்கள். பொருளுக்கும் பெட்டியின் ஆறு பக்கங்களுக்கும் இடையே குறைந்தது 5 சென்டிமீட்டர் மெத்தை இருக்க வேண்டும். பப்பிள் ராப்பின் குமிழ்ப் பக்கம் பொருளை நோக்கி இருக்கட்டும். குறைந்தது இரண்டு சுற்று. எளிதில் உடையும் பொருளென்றால் பெட்டிக்குள் பெட்டி வையுங்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவிலும் அதே 5 சென்டிமீட்டர். கசக்கிய செய்தித்தாள் கனமான பொருளுக்கு உதவாது. முதல் அதிர்விலேயே அமுங்கி, பொருள் பெட்டிச் சுவரில் மோத வழிவிட்டுவிடும். மூடியபின் ஆட்டிப் பாருங்கள். சத்தமோ அசைவோ இருந்தால் மீண்டும் பிரியுங்கள். டேப் ஆங்கில 'எச்' எழுத்து வடிவில், நடு இணைப்பிலும் இரு ஓரங்களிலும், மேலும் கீழும் ஒட்டப்பட வேண்டும். சணல் கயிறும் காகித டேப்பும் வேண்டாம்.

ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப விற்பவர்கள் ஒருமுறை விழுத்திச் சோதனை செய்துவிடலாம். இஸ்டா (பேக்கிங் சோதனைக்கான சர்வதேச அமைப்பு) வகுத்த 1ஏ முறையில் ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம் என 10 முறை போடுவார்கள். சிறு பார்சலுக்கு உயரம் சுமார் 76 சென்டிமீட்டர். இதைக் காணொளியாக வைத்திருந்தால், பேக்கிங் பற்றிய வாதத்தில் உங்கள் கை ஓங்கும்.

காப்பீடு எடுத்த ஒவ்வொரு பார்சலுக்கும் ஐந்து படங்கள்: பொருளும் அதன் வரிசை எண்ணும், சுற்றிய நிலை, பெட்டிக்குள் மெத்தையுடன், மூடிய பெட்டி லேபிள் தெரிய, தராசின் மேல் எடை தெரிய. கோப்பின் பெயரில் ஆர்டர் எண்ணைப் போடுங்கள்.

அந்த எடைப்படத்தை அலட்சியமாக நினைக்காதீர்கள். 'பெட்டி காலியாக வந்தது' என்று வாங்குபவர் சொல்லும்போது பேசக்கூடிய ஒரே சாட்சி அதுவே. உங்கள் தராசில் 1.84 கிலோ, கூரியர் மையத்தில் 1.84, கடைசி மையத்தில் 0.31 என்றால் வழியில் திருடியிருக்கிறார்கள், க்ளெய்ம் வலுவாகிவிடும். கடைசிவரை 1.84 என்றால் கேள்வி வாங்குபவர் பக்கம் திரும்பும். ஒன்று கவனியுங்கள்: ரசீதில் இருப்பது அளவை வைத்துக் கணக்கிட்ட எடையாக இருக்கலாம். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது பரவலான வழக்கம். அது உண்மையான எடையைச் சொல்லாது.

படி 7: ஒப்படைக்கும்போது

காப்பீடு பார்சல் கைமாறும் முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். மூட்டையாக ஒப்படைத்துவிட்டு வந்தால் முதல் ஸ்கேன் மறுநாள் விழலாம், விழாமலும் போகலாம். ஸ்கேன் இல்லாத பார்சல் கூரியரிடம் போனதற்கு அத்தாட்சியே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள், அல்லது பட்டியலில் கையொப்பம் வாங்குங்கள். மதிப்பு மிகுந்ததற்குக் கையொப்பம் பெற்று ஒப்படைக்கும் சேவை தேவை; பல பாலிசிகளில் ஒரு தொகைக்கு மேல் அது கட்டாய நிபந்தனை. பணம் கட்டிய பிறகு முகவரியை மாற்றச் சொன்னால் ஆர்டரை ரத்து செய்து புதிதாகப் போடச் சொல்லுங்கள். பெட்டியின் வெளியே பொருளின் பெயரையோ பிராண்டையோ காட்டும் டேப் வேண்டாம்.

படி 8: இழப்பு தெரிந்ததும் செய்ய வேண்டியவை

வாங்குபவருக்கு முதல் செய்தி: 'தயவுசெய்து எதையும் தூக்கி எறிய வேண்டாம். பெட்டியின் ஆறு பக்கம், லேபிள், உள்மெத்தை, பொருள் ஆகியவற்றைப் படம் எடுத்து அனுப்புங்கள்.' மன்னிப்பும் பணம் திருப்புதலும் அடுத்த செய்தியில் வரலாம். பெட்டி குப்பைக்குப் போய்விட்டால் காப்பீட்டாளர் அனுப்பும் சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

அதே நாளில் கூரியருக்கும் காப்பீட்டாளருக்கும் தனித்தனியே எழுத்தில் தெரிவியுங்கள். ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குச் சொன்னதாகாது. சர்வதேசக் கெடுக்கள் குறுகியவை: விமானச் சரக்கில் சேதத்துக்குப் பெற்ற நாளிலிருந்து 14 நாள், தாமதத்துக்கு 21 நாள், சி.எம்.ஆர். சாலைச் சரக்கில் வெளியே தெரியாத சேதத்துக்கு, ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக, 7 நாள். கடல் சரக்கில், ஹேக்-விஸ்பிப்படி, அதே வகைச் சேதத்துக்கு 3 நாள். கூரியரின் சொந்த நிபந்தனைகளில் வேறு கெடு இருக்கலாம். விமானச் சரக்கில் இந்தக் கெடுவைத் தவறவிட்டால் கூரியர்மீது வழக்காடும் உரிமையே போகும்; மற்ற இரண்டிலும் பொருள் நல்ல நிலையில் போய்ச் சேர்ந்ததாகக் கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் சுமை. கூரியர்மீது வழக்காடும் உரிமை பணம் கொடுத்த பின் காப்பீட்டாளருக்குச் சேர வேண்டியது என்பதால், அவரும் கெடு தவறியதைக் காரணம் காட்டி மறுக்கக்கூடும். இதே காரணத்தால், கூரியர் தரும் சிறுதொகையை 'முழுத் தீர்வு' என்று கையொப்பமிட்டு வாங்கிவிடாதீர்கள்.

தொலைந்த பார்சலில் அவசரம் எதிர்த்திசையில் வேலை செய்யும். பாலிசியில் சொன்ன காத்திருப்புக் காலம் முடியும் முன் க்ளெய்ம் போட்டால் திருப்பிவிடுவார்கள். முதல் நாளே கூரியரிடம் தேடல் கோரிக்கை பதிந்து, அதன் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளிலேயே க்ளெய்ம் போட வேண்டிய கடைசித் தேதியையும் நாட்காட்டியில் குறியுங்கள்.

க்ளெய்ம் கோப்பில் இருக்க வேண்டியவை: விற்பனை இன்வாய்ஸ், பணம் வந்ததற்கான சான்று, பொருளை நீங்கள் வாங்கிய ரசீது, கூரியர் ரசீது, டிராக்கிங் வரலாறு, ஐந்து படங்கள், வாங்குபவரின் படங்களும் எழுத்துப்பூர்வ வாக்குமூலமும், பழுது பார்க்கும் மதிப்பீடு அல்லது பழுது பார்க்க முடியாது என்ற சான்று, பணம் திருப்பியிருந்தால் அதன் பதிவு. கைவினைப் பொருளுக்கு வாங்கிய ரசீது இருக்காது. அதே பொருளை முன்பு விற்ற விலைப் பதிவுகளும் மூலப்பொருள் ரசீதுகளும் அந்த இடத்தை நிரப்பும்.

டிராக்கிங் பக்கத்தை முதல் நாளே படமாகச் சேமியுங்கள். சில மாதங்களில் அந்த விவரங்கள் கூரியர் தளத்திலிருந்து மறைந்துவிடும்.

படி 9: மறுத்தால்

'உங்கள் க்ளெய்ம் ஏற்கப்படவில்லை' என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடாதீர்கள். எந்த விதிப்பிரிவின்படி, எந்த உண்மையின் அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள். பேக்கிங் போதவில்லை என்றால், பெட்டியின் எடை வரம்பு, மெத்தையின் தடிமன், படங்கள், சோதனைக் காணொளி, இதே பேக்கிங்கில் சேதமின்றிப் போய்ச் சேர்ந்தவற்றின் எண்ணிக்கை ஆகியவற்றை வரிசையாக வைத்துப் பதில் எழுதுங்கள். ஆதாரம் போதவில்லை என்றால், எந்தத் தாள் என்று பெயர் சொல்லச் சொல்லுங்கள். கோபமாக எழுதும் நீண்ட மின்னஞ்சல் யாரையும் அசைப்பதில்லை. நிறுவனத்துக்குள் மேல்முறையீடு முடிந்த பிறகு, பல நாடுகளில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருப்பார். நிறுவனத்தின் இறுதிப் பதில் கையில் இருந்தால்தான் பொதுவாக அங்கே மனுவை ஏற்பார்கள். அதற்கும் கெடு உண்டு, ஆகையால் அந்தக் கடிதத்தின் தேதியைப் பத்திரப்படுத்துங்கள்.

பணம் வந்தபின் உடைந்த பொருள் காப்பீட்டாளருக்குச் சேரக்கூடும். அவர் எழுத்தில் வேண்டாம் என்று சொல்லும்வரை அதை விற்கவோ வீசவோ கூடாது. தொலைந்த பார்சல் பின்னால் கிடைத்துவிட்டால் உடனே தெரிவியுங்கள். வாங்கிய தொகையைத் திருப்பித் தந்து பொருளை எடுத்துக்கொள்வதா, தொகையை வைத்துக்கொண்டு பொருளை விட்டுவிடுவதா என்பது பாலிசியைப் பொறுத்தது.